காட்டுக்குள் டிஸ்க் கோல்ஃப்: தூரம் குறைந்த, மரம் அடர்ந்த கோர்ஸை ஆடுவது எப்படி?

பலகையில் 220 அடி என்று போட்டிருக்கும். திறந்த மைதானம் என்றால் ஓரளவு பழகியவர்கள் அந்தத் தூரத்தைச் சிரமமில்லாமல் எறிந்துவிடலாம். டீயில், அதாவது எறியத் தொடங்கும் இடத்தில், போய் நின்றால்தான் விஷயம் புரியும். டிஸ்க் போய் விழ வேண்டிய கூடையே கண்ணில் படாது. லாப்லாலி பைன், ஸ்வீட்கம், ஓக் என்று தாறுமாறாக நிற்கும் மரங்கள், தலைக்கு மேலே தாழ்ந்த கிளைகள், இடது பக்கம் ஓடையை நோக்கிச் சரியும் செம்மண். அமெரிக்காவின் வடக்கு கரோலினாவில், சார்லட் நகரத்துப் பூங்காக்களில் இப்படிப்பட்ட ஹோல்கள் (ஒரு டீயிலிருந்து அதன் கூடை வரை உள்ள பகுதி ஒரு ஹோல்) நிறைய உண்டு. கில்போர்ன், ஹார்னெட்ஸ் நெஸ்ட், ரீடி க்ரீக் என்று எந்தப் பூங்காவுக்குப் போனாலும் பெரும்பாலும் மரங்களுக்கு நடுவேதான் ஆட்டம். 2012-ல் உலக சாம்பியன்ஷிப் இந்த ஊரில்தான் நடந்தது. பால் மெக்பெத் தன் முதல் உலகப் பட்டத்தை வென்றதும் அப்போதுதான்.

நான் இங்கே எழுதுவது அந்தக் காடுகளை மனதில் வைத்து. வெர்மான்ட்டிலோ பின்லாந்திலோ காட்டுக்குள் ஆடுபவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். வலது கைக்காரருக்கு என்று எழுதுகிறேன். இடது கைக்காரர்கள் திசையை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

ஆட்டமே புதிது என்பவர்களுக்குச் சுருக்கமாக: டீயிலிருந்து டிஸ்க்கை, அதாவது தட்டு போன்ற பிளாஸ்டிக் வட்டை, எறிய வேண்டும், அது விழுந்த இடத்திலிருந்து மறுபடி எறிய வேண்டும், சங்கிலி தொங்கும் கூடையில் அது அடங்கும் வரை எத்தனை எறி என்று எண்ண வேண்டும். குறைவாக எறிந்தவர் ஜெயிப்பார். இன்றைய வடிவத்துக்கு வித்திட்டவர் எட் ஹெட்ரிக். கலிபோர்னியாவின் ஓக் க்ரோவ் பூங்காவில் 1975-ல் அவர் அமைத்ததுதான் முதல் நிரந்தரக் கோர்ஸ். அதுவும் ஓக் மரங்களுக்கு நடுவேதான் அமைந்தது. ஆக, மரம் இந்த ஆட்டத்தோடு பிறந்தது என்றே சொல்லலாம்.

பையில் என்ன இருக்க வேண்டும்

முதல் வேலை, பையிலிருந்து சிலதை எடுத்து வீட்டில் வைப்பது. டிஸ்க்கின் மேல் நான்கு எண்கள் அச்சிட்டிருக்கும்: வேகம், மிதப்பு, டர்ன் (வேகமாகப் போகும்போது வலது பக்கம் திரும்புவது; எண் குறையக் குறைய அதிகம் திரும்பும்), ஃபேட் (வேகம் குறைந்ததும் இடது பக்கம் சாய்வது). வேக எண் 12 உள்ள டிஸ்ட்ராயர் மாதிரி டிரைவர்களுக்கு, அதாவது நெடுந்தூர டிஸ்க்குகளுக்கு, ஆசைப்பட்டுத்தான் எல்லோரும் கடைக்குப் போகிறோம். ஆனால் 12 என்பது அந்த டிஸ்க் எவ்வளவு வேகமாகப் போகும் என்பதற்கான உத்தரவாதம் இல்லை. அது சரியாகப் பறக்க எவ்வளவு வேகத்தில் எறிய வேண்டும் என்பதன் அளவு. அதை 200 அடிக்கு மெதுவாக எறிந்தால், டர்ன் ஆகவே வாய்ப்பில்லாமல் பாதி வழியிலேயே இடது பக்கம் சாய்ந்து இறங்கும். இடது பக்கம் என்ன இருக்கிறது? மரம்.

கூடையில் போடுவதற்கான புட்டரும் நடுத்தரத் தூரத்துக்கான மிட்ரேஞ்சும் அப்படியில்லை. குறைந்த வேகத்துக்காகவே செய்யப்பட்டவை, அதனால் 150 முதல் 250 அடிக்குள் நேராகப் போகும். என் பரிந்துரை இவ்வளவுதான்:

- எறிவதற்கு ஒரு புட்டர். இன்னோவா ஏவியார் (2, 3, 0, 1) போல எண்கள் உள்ள எதுவும் சரி. கூடையில் போடுவதற்கு அதே மாதிரி இன்னொன்று தனியாக இருக்கட்டும். மரத்தில் அடிபட்ட புட்டர் கையில் வேறு மாதிரி உட்காரும்.
- நேராகப் போகும் ஒரு மிட்ரேஞ்ச். டிஸ்கிராஃப்ட் பஸ் (5, 4, -1, 1) பலருடைய பையிலும் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது.
- அண்டர்ஸ்டேபிளான, அதாவது வலது பக்கம் எளிதில் திரும்பும், ஒரு ஃபேர்வே டிரைவர், லெப்பர்ட் (6, 5, -2, 1) மாதிரி.
- கூடையை நெருங்குவதற்கு, மிதக்காமல் பொத்தென்று விழும் ஒரு அப்ரோச் டிஸ்க். டிஸ்கிராஃப்ட் சோன் (4, 3, 0, 3) அல்லது காஸ்டாபிளாஸ்ட் பெர்க் (1, 1, 0, 2).

புட்டரை 'கிட்டத்தில் போடுவதற்கு மட்டும்' என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2021-ல் யூட்டா மாநிலத்தின் ஆக்டனில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில், கடைசி ஹோலில் ஜேம்ஸ் கான்ராட் 247 அடியிலிருந்து நேராகக் கூடைக்குள் எறிந்து மெக்பெத்தோடு சமன் செய்தார். பிறகு சமனை முறிக்கும் பிளேஆஃபில் பட்டத்தையும் வென்றார். அந்த எறிக்கு அவர் கையில் இருந்தது என்வி என்ற புட்டர். தூரம் குறைந்த காட்டுக் கோர்ஸ்களில் அதற்கு மேல் தூரம் கேட்கும் ஹோல்கள் குறைவு.

பிளாஸ்டிக்கையும் கவனியுங்கள். மலிவான பேஸ் பிளாஸ்டிக் கையில் நன்றாகப் பிடிக்கும், ஆனால் மரத்தில் அடிபட்டு அடிபட்டு விளிம்பு நசுங்கி, கொஞ்ச நாளில் வலது பக்கம் திரும்ப ஆரம்பிக்கும். டீயிலிருந்து எறியும் டிஸ்க்குகளுக்குக் கெட்டியான பிரீமியம் பிளாஸ்டிக் நல்லது. அடிபட்டுத் தேய்ந்த புட்டரைத் தூக்கிப் போட வேண்டாம். வலது பக்கம் மெதுவாக வளைய வேண்டிய ஹோல்களுக்கு அதுபோல ஒன்றைக் கடையில் தேடினாலும் கிடைக்காது.

நிறம்: இலையுதிர் காலத்தில் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் எல்லாமே சருகோடு கலந்துவிடும். பளிச்சென்ற இளஞ்சிவப்பும் வெளிர்நீலமும் தனியாகத் தெரியும். பச்சை டிஸ்க்கை ஏன் தயாரிக்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்காத விஷயம்.

எறிவதற்கு முன் நடந்து பாருங்கள்

புதிய கோர்ஸ் என்றால், பின்னால் ஆட்கள் காத்திருக்கவில்லை என்றால், கூடை வரை ஒருமுறை நடந்துவிட்டு வாருங்கள். கூடையிலிருந்து டீயைத் திரும்பிப் பார்ப்பதுதான் இதில் முக்கியம். டீயிலிருந்து பார்க்கும்போது மரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து சுவர் மாதிரித் தெரியும். திரும்பி நின்று பார்த்தால் கோர்ஸை வடிவமைத்தவர் எந்தப் பாதையை நினைத்து மரங்களை விட்டுவைத்தார் என்பது புரியும். சில ஹோல்களில் இரண்டாவது பாதையும் கண்ணில் படும். டீயிலிருந்து பார்த்தால் அது தெரியவே தெரியாது.

நடக்கும்போது மூன்று விஷயங்களைப் பாருங்கள். டீயிலிருந்து முதல் 60 அடிக்குள் எந்த மரங்கள் நிற்கின்றன? கிளைகள் எந்த உயரத்தில் தொடங்குகின்றன? தப்பினால் எந்தப் பக்கம் பரவாயில்லை, எந்தப் பக்கம் போகவே கூடாது? மூன்றாவதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஒரு பக்கம் திறந்த சருகுத் தரை, மறுபக்கம் முட்புதரும் ஓடையும் என்றால், பிசகுவதையும் திட்டமிட்டுப் பிசகலாம்.

கோடையில் ஆடிய கோர்ஸும் ஜனவரியில் ஆடும் கோர்ஸும் ஒன்றல்ல. இலை கொட்டியதும் மரங்களுக்கு நடுவே புதுச் சந்துகள் திறக்கும். காற்றைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம், மரங்களே தடுத்துவிடும்.

எந்தச் சந்து

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

கையிலிருந்து டிஸ்க் புறப்படும் கோணம் 1 டிகிரி பிசகினால், 60 அடி தள்ளி அது ஏறக்குறைய 1 அடி விலகியிருக்கும். 120 அடியில் 2 அடி, 180 அடியில் 3 அடி. இது வெறும் வடிவியல், யார் எறிந்தாலும் மாறாது. இப்போது 8 அடி அகலமுள்ள ஒரு சந்தை எடுத்துக்கொள்வோம். டிஸ்க்கின் குறுக்களவு 21 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அதில் பாதியைக் கழித்தால் நடுக்கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் சுமார் மூன்றரை அடிதான் மிச்சம். அந்தச் சந்து 30 அடியில் இருந்தால் நீங்கள் 7 டிகிரி வரை பிசகலாம். 60 அடியில் இருந்தால் மூன்றரை டிகிரி. 120 அடியில் இருந்தால் 2 டிகிரிகூடக் கிடையாது.

இதிலிருந்து இரண்டு முடிவுக்கு வரலாம். பக்கத்தில் இருக்கும் சந்து பயமுறுத்தினாலும் உண்மையில் அதுதான் எளிது. முகத்துக்கு நேராக இரண்டு பெரிய பைன் நிற்பதால் கை நடுங்குகிறது, அவ்வளவுதான். தூரத்தில் இருக்கும் சந்தைக் குறிவைப்பதில் பெரிய பலனில்லை, அங்கே மரத்தில் படுவதும் படாததும் பாதி அதிர்ஷ்டம். அதனால் முதல் சந்தை எந்த வழியாகத் தாண்டினால் அதற்கு அப்பால் திறந்த இடம் அதிகமாக இருக்கிறதோ, அந்த வழியைத் தேர்ந்தெடுங்கள். கூடையை மறந்துவிடுங்கள். கூடைக்கு நேராக 4 அடிச் சந்து, கொஞ்சம் வலது பக்கம் 9 அடிச் சந்து என்றால், 9 அடிதான் உங்கள் வழி. அதில் போனால் கூடைக்கு 40 அடி வலது பக்கம் விழும் என்றாலும் அதே வழிதான்.

குறிவைக்கும்போது மரத்தைப் பார்க்காதீர்கள். சந்தின் நடுவே, அதற்குப் பின்னால் தூரத்தில் தெரியும் ஏதாவது ஒன்றை, ஒரு வெளிறிய அடிமரத்தையோ வெயில் விழும் இலைத்திட்டையோ பிடித்துக்கொள்ளுங்கள். 'இந்த மரத்தில் படக்கூடாது' என்று நினைத்தபடியே எறிந்தால் கண் அந்த மரத்திலேயே இருக்கும், கையும் அங்கேயே போகும்.

உயரமும் சந்துதான். அமெரிக்கத் தென்கிழக்கில் பைன் மரங்கள் அடிக்கிளை இல்லாமல் நெடுநெடுவென்று போவதால் அவற்றுக்குக் கீழே கூரை உயரம் அதிகம். ஓக், பீச் மரங்கள் நிற்கும் இடத்தில் கிளைகள் தாழ்ந்திருக்கும். எறி பத்தடி உயரத்துக்கு மேல் ஏறக்கூடாது என்றால் டிஸ்க்கின் முன்விளிம்பு மேலே தூக்கியிருக்கவே கூடாது. தூக்கினால் டிஸ்க் ஏறும், வேகம் இழக்கும், கிளையில் முட்டும், இல்லாவிட்டால் இடது பக்கம் சரிந்து விழும். ஆரம்பக்காரர்கள் 'மரத்தில் பட்டது என் துரதிர்ஷ்டம்' என்று சொல்வதில் பாதி, முன்விளிம்பு தூக்கியதால் வருவது. பிடிக்கும்போது மணிக்கட்டைக் கொஞ்சம் கீழ்நோக்கி வைத்து, டிஸ்க்கின் தளம் முன்கைக்கு நேர்கோட்டில் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

எந்த எறி

சந்து முடிவான பிறகு எறியைத் தேர்ந்தெடுப்பது எளிது. பலரும் எறியை முதலில் முடிவு செய்துகொண்டு அதற்குச் சந்து தேடுகிறார்கள்.

நேரான சுரங்கம் போன்ற பாதைக்குப் புட்டரையோ மிட்ரேஞ்சையோ தட்டையாக, முக்கால் பலத்தில் எறிவதுதான் முதல் தேர்வு. இது சலிப்பாகத் தோன்றலாம். ஸ்கோர் கார்டில் அப்படித் தெரியாது.

பாதை நீளமாக, 250 அடிக்கு மேல் நேராகப் போனால் ஹைசர் ஃப்ளிப் என்ற எறி உதவும். லெப்பர்ட் போன்ற அண்டர்ஸ்டேபிள் டிஸ்க்கை வெளி விளிம்பு தாழ்ந்த கோணத்தில், அதாவது ஹைசரில், எறிய வேண்டும். புறப்பட்ட வேகத்தில் அது தானாக நிமிர்ந்து தட்டையாகி, நேராக மிதந்து போகும். கோணமும் வேகமும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். பழகாமல் கோர்ஸில் முயற்சி செய்ய வேண்டாம்.

இடது பக்கம் வளையும் ஹோலுக்குப் பேக்ஹேண்ட் ஹைசர். பேக்ஹேண்ட் என்றால் கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய் எறிவது. இயல்பாகவே டிஸ்க் இடது பக்கம்தான் முடியும், அதனால் இதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. எந்த இடத்தில் திரும்ப வேண்டும் என்பதை மட்டும் முடிவு செய்யுங்கள். வளைவு சீக்கிரம் வந்தால் இடது பக்கம் பலமாகச் சாயும் ஓவர்ஸ்டேபிள் டிஸ்க், தாமதமாக வந்தால் நேரானது.

வலது பக்கம் வளையும் ஹோலில்தான் ஆட்கள் பிரிகிறார்கள். ஒன்று ஃபோர்ஹேண்ட், அதாவது கையை உடம்பின் வலது பக்கத்திலேயே வைத்து எறிவது. மற்றது தேய்ந்த மிட்ரேஞ்சை அன்ஹைசர் கோணத்தில் (வெளி விளிம்பு உயர்ந்திருக்கும்படி) பேக்ஹேண்டாக எறிவது. காட்டுக்குள் நான் ஃபோர்ஹேண்ட் பக்கம். கை பின்னால் போகும் தூரம் குறைவு, மரத்துக்குப் பக்கத்தில் நின்றும் எறியலாம், எறியும் நேரம் முழுவதும் சந்தை முகம் பார்த்தபடியே இருக்கலாம். பேக்ஹேண்டில் ஒரு கணம் முதுகைத் திருப்பித்தான் ஆக வேண்டும். ஆனால் ஃபோர்ஹேண்ட் தரையில் விழுந்த பிறகு வழுக்கிக்கொண்டு ஓடும். கூடைக்கு வலது பக்கம் ஓடை என்றால் அன்ஹைசரின் மெதுவான இறக்கமே மேல்.

மரங்களுக்கு மேலாக எறியும் டோமஹாக், தம்பர் போன்றவை கடைசி ஆயுதங்கள். மேலே வானம் தெரியும் ஹோலில் அவை அருமை. தோளைக் கேட்டுக்கொண்டு எறியுங்கள். சூடேறாத தோளோடு முதல் ஹோலிலேயே ஆரம்பித்தால் அன்றைய ஆட்டம் அத்தோடு சரி.

டீயில் நிற்கும்போது

பலத்தைக் குறையுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். ஏன் என்று சொல்பவர்கள் குறைவு. முழு பலத்தில் எறிந்த டிஸ்க் மரத்தில் பட்டால் 50 அடி பக்கவாட்டில் பறக்கும், சில சமயம் உங்களுக்குப் பின்னாலேயே வந்து விழும். மெதுவாகப் போன டிஸ்க் பட்டால் மரத்தடியிலேயே விழும். அங்கிருந்து பாதை பெரும்பாலும் பக்கத்தில்தான் இருக்கும். அதாவது மெதுவான எறி குறி தவறுவதும் குறைவு, தவறினால் வரும் சேதமும் குறைவு.

200 அடிக்குக் குறைந்த ஹோல்களில் ஓடி வந்து எறியத் தேவையில்லை. நின்ற இடத்திலிருந்தோ ஒரே ஓர் அடி வைத்தோ எறியுங்கள். இந்தப் பகுதியின் செம்மண் மழைக்குப் பிறகு எண்ணெய் தடவியது போல வழுக்கும், டீயைச் சுற்றி வேர்கள் துருத்திக்கொண்டிருக்கும். ஓட்டத்தைக் குறைத்தாலே கோணம் நிதானப்படும்.

இன்னொன்று, எறிந்த டிஸ்க் ஆட்டம் காணாமல் சுத்தமாகச் சுழல வேண்டும். நடுங்கிக்கொண்டு போகும் டிஸ்க் எண்ணில் எழுதியிருப்பது போலப் பறக்காது. கையை இறுக்கிப் பிடித்து வேகத்துக்கு முயற்சி செய்யும்போதுதான் இந்த நடுக்கம் வருகிறது.

உங்கள் முறை வந்து, எறிய வழியும் இருந்தால் 30 வினாடிக்குள் எறிய வேண்டும் என்பது தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கமான பிடிஜிஏவின் விதி. திட்டத்தை முன்பே முடிவு செய்திருந்தால் 30 வினாடி தாராளம்.

மரத்தில் பட்டாயிற்று. அப்புறம்?

படும். எவ்வளவு நன்றாக ஆடினாலும் ஒரு சுற்றில் சில முறையாவது படும். காட்டு ஆட்டத்தில் நல்லவருக்கும் சுமாரானவருக்கும் இருக்கும் வித்தியாசம் பெரும்பாலும் அடுத்த எறியில்தான் தெரியும்.

டிஸ்க் மரக்கூட்டத்துக்குள் கிடக்கிறது, கூடை 150 அடி தள்ளி. நேராகப் பார்த்தால் நாலடி அகலத்தில் ஒரு சந்து தெரிகிறது. பக்கவாட்டில் 20 அடி தட்டிவிட்டால் ஃபேர்வேக்கு, அதாவது மரமில்லாத ஆட்டப் பாதைக்கு, வந்துவிடலாம். கணக்குப் போடுவோம். சந்துக்குள் எறிந்து வெற்றி பெற்றால் அந்த எறி ஒன்று, கூடையில் போடுவது ஒன்று, ஆக இரண்டு. தோற்றால் மறுபடி காட்டுக்குள். அதற்குப் பிறகு வெளியே தட்டி, கூடைக்கு அருகே கொண்டுவந்து, போட்டு முடிக்கும்போது நான்கு. முதலிலேயே வெளியே தட்டினால் மூன்று. எனவே அந்தச் சந்துக்குள் பத்தில் ஐந்து முறையாவது போக முடியும் என்றால்தான் முயற்சி லாபம். நாலடிச் சந்தில், குனிந்து நின்றுகொண்டு, வேரின் மேல் கால் வைத்து, பத்தில் ஐந்து? நேர்மையாகப் பதில் சொல்லுங்கள்.

கேரமில் ரெட்டுக்கு ஆசைப்பட்டுக் கையில் இருந்த காயைத் தொலைப்பவரை எல்லோரும் பார்த்திருப்போம், இதுவும் அதே ஆசைதான்.

வெளியே தட்டும்போதும் ஒரு திட்டம் வேண்டும். ஃபேர்வேயின் நடுவே வந்தால் போதும் என்று தட்டினால், அங்கே போய் நின்ற பிறகு கூடைக்கு முன்னால் இன்னொரு மரம் இருக்கும். அடுத்த எறிக்கு எந்த இடத்திலிருந்து தெளிவான வழி இருக்கிறதோ, அந்த இடத்துக்குத் தட்டுங்கள். மிதக்காத பெர்க்கோ சோனோ இதற்கு வசதி, விழுந்த இடத்திலேயே கிடக்கும்.

காட்டுக்குள் நிற்கும் முறை தனிக் கலை. ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு எறியலாம், காலை அகட்டிப் பக்கவாட்டில் சாய்ந்து எறியலாம். விதி கேட்பது இதுதான்: எறியும் கணத்தில் உடம்பின் ஒரு தாங்குபுள்ளியாவது மார்க்கருக்கு (டிஸ்க் விழுந்த இடத்தைக் காட்டும் அடையாளம்) பின்னால் 20 சென்டிமீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள இடத்தைத் தொட்டிருக்க வேண்டும், மற்ற எந்தக் காலும் கையும் மார்க்கரைவிடக் கூடைக்குப் பக்கத்தில் ஊன்றியிருக்கக் கூடாது. அகட்டி நிற்பதில் ஒரு காலைப் பக்கவாட்டில் மூன்றடி தள்ளி வைக்க முடிவதால், மரத்துக்குப் பின்னாலிருந்து எட்டி எறிய முடிகிறது. கூடையில் போடப் பழகும்போதே இந்த நிலையையும் சேர்த்துப் பழகுங்கள்.

கிளைகளை ஒடிப்பதோ, வளைத்துப் பிடித்துக்கொள்வதோ, முதுகால் தள்ளி வழி செய்வதோ கூடாது. செடியும் மரமும் மிகக் குறைவாக அசையும்படியான நிலையைத்தான் எடுக்க வேண்டும். எறியும் வேகத்தில் கை இலையில் உரசினால் தவறில்லை. காலடியில் கிடக்கும் சருகையும், மரத்திலிருந்து ஒடிந்து விழுந்த கிளையையும் நகர்த்திவிட்டு நிற்கலாம்.

டிஸ்க் மரத்தில் மாட்டிக்கொண்டால் அதற்கு நேர் கீழே மார்க்கர் வைத்து ஆடலாம், தண்டனை இல்லை. இரண்டு மீட்டருக்கு மேல் மாட்டினால் ஓர் எறி தண்டனை என்ற விதியும் உண்டு, ஆனால் போட்டி இயக்குநர் முன்கூட்டியே அறிவித்தால்தான் அது செல்லும். தொலைந்த டிஸ்க்கைத் தேட மூன்று நிமிடம். அதற்குப் பிறகு ஓர் எறி தண்டனையோடு முந்தைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். அதனால் எறிந்தவுடன் தலையில் கை வைத்துத் திரும்பிவிடாமல், டிஸ்க் எங்கே பட்டது, எந்தப் பக்கம் தெறித்தது என்று கடைசிவரை பார்த்துக்கொண்டிருங்கள். கூட ஆடுபவர் எறியும்போதும் அப்படியே.

முட்புதருக்குள் எறியவே வழியில்லை என்றால், தண்டனை ஓர் எறியை ஏற்றுக்கொண்டு முந்தைய இடத்திலிருந்தே மறுபடி எறியும் உரிமை எப்போதும் உண்டு. பலர் இதை மறந்துவிட்டு மூன்று எறியைப் புதருக்குள் செலவழிக்கிறார்கள்.

கூடைக்கு அருகே

தூரம் குறைந்த கோர்ஸில் கூடைகள் சும்மா சமதரையில் இருக்காது. சரிவின் விளிம்பில், பாறைமேல், இரண்டு மரங்களுக்கு நடுவே வைத்திருப்பார்கள். சரிவில் டிஸ்க் விளிம்பில் நின்று சக்கரம் போல உருள ஆரம்பித்தால் 60 அடி கீழே போய்விடும். அதனால் கூடையை நெருங்கும் எறி தட்டையாக இறங்க வேண்டும், முடிந்தால் மேட்டுப் பக்கத்தில் இறங்க வேண்டும்.

10 மீட்டருக்கு உள்ளே போடும்போது, எறிந்த பிறகு உடல் சமநிலையைக் காட்டிவிட்டுத்தான் முன்னால் கால் வைக்கலாம். 25 அடியில், பின்னால் சரிவு இருக்கும் கூடைக்குச் சங்கிலியின் மேல்பகுதியைக் குறிவைத்து வேகமாகப் போடுவது வீரமாகத் தெரியும். நான் அப்படிப்பட்ட இடத்தில் கொஞ்சம் உயரமாக, மெதுவாக, கூடையின் முன்பகுதியிலேயே வேகம் அடங்கும்படி போடுகிறேன். தவறினாலும் அடுத்தது கையெட்டும் தூரம்தான்.

தூரம் குறைந்த கோர்ஸ்களில் பெரும்பாலான ஹோல்கள் பார் 3, அதாவது மூன்று எறியில் முடிக்க வேண்டியவை. அதனால் மூன்றில் முடித்தால் எதையும் இழக்கவில்லை. இரண்டில் முடிக்கக்கூடிய ஆறேழு ஹோல்களை முன்பே தெரிந்துகொண்டு அங்கே மட்டும் துணிந்து ஆடுங்கள். மற்றவற்றில் மூன்று எடுத்துக்கொண்டு நகருங்கள்.

பாம்பு, உண்ணி, மூன்று இலைச் செடி

கோடையில் இந்தக் காடுகளுக்குள் டிஸ்க் தேடுவதற்கென்று சில பழக்கங்கள் வேண்டும். காப்பர்ஹெட் என்ற விஷப்பாம்பு சருகின் நிறத்திலேயே இருக்கும், அசையாமல் கிடக்கும். சருகுக்குள்ளும் விழுந்த மரத்தடியிலும் கையை விடாமல் ஒரு குச்சியால் கிளறிப் பாருங்கள். வீட்டுக்குப் போனதும் கணுக்கால், முழங்கால் மடிப்பு, இடுப்பு என்று உண்ணி ஒட்டியிருக்கிறதா எனத் தேடுங்கள். நீளக் காலுறை நல்லது.

பாய்சன் ஐவி என்ற கொடி மூன்று மூன்று இலையாக இருக்கும், மரத்தில் ஏறியிருந்தால் தண்டு முழுக்க ரோமம் போல வேர்கள். தோலில் பட்டால் ஓரிரு வாரங்களுக்குக் கொப்புளமும் அரிப்பும். நம் ஊர்ச் சேராங்கொட்டை, முந்திரி, மா எல்லாம் இதே குடும்பம். மாங்காய்ப் பால் பட்டால் வாயைச் சுற்றிப் புண்ணாகும் ஆட்கள் இந்தக் கொடியிடம் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அதன் எண்ணெய் டிஸ்க்கிலும் ஒட்டிக்கொண்டு கைக்கு வரும். புதருக்குள்ளிருந்து எடுத்த டிஸ்க்கை வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கையையும்தான்.

பூங்காக்களில் நடைபாதைகள் கோர்ஸுக்குக் குறுக்கே போகும், மரம் மறைப்பதால் ஆள் வருவது தெரியாது. கூடை கண்ணுக்குத் தெரியாத ஹோலில் ஒருவர் முன்னால் போய் நின்று பார்த்துச் சொல்லட்டும். டிஸ்க் ஆள் இருக்கும் பக்கம் தெறித்தால் வெட்கப்படாமல் "ஃபோர்!" என்று கத்த வேண்டும்.

பழகுவது

காட்டு ஆட்டத்துக்குக் காட்டில்தான் பழக வேண்டும் என்றில்லை. ஆள் நடமாட்டமில்லாத மைதானத்தில் இரண்டு கம்புகளை 6 அடி இடைவெளியில் நட்டு, 30 அடி தள்ளி நின்று, நான்கைந்து புட்டர்களை நின்ற நிலையில் எறியுங்கள். எத்தனை உள்ளே போகிறது என்று எழுதி வையுங்கள். பத்தில் எட்டு போக ஆரம்பித்ததும் 45 அடிக்குத் தள்ளி நில்லுங்கள், பிறகு 60. இப்படி எழுதிவைத்த கணக்கு இருந்தால், மரத்தடியில் நின்று 'இந்தச் சந்தில் பத்துக்கு எத்தனை?' என்று யோசிக்கும்போது ஆசை பதில் சொல்லாது, நோட்டு சொல்லும். ஃபோர்ஹேண்டையும் இதே கம்புகளுக்கு நடுவே, பாதி பலத்தில் தொடங்குங்கள். முழங்காலில் நின்று பத்து எறி, காலை அகட்டி நின்று பத்து எறி என்று கடைசியில் சேர்த்துக்கொள்ளுங்கள். கோர்ஸில் தனியாக ஆடும் நாட்களில் டிரைவர்களைக் காரிலேயே விட்டுவிட்டு, ஒரே ஒரு புட்டரோடு 18 ஹோலையும் ஆடிப் பாருங்கள். ஸ்கோர் பெரிதாக ஏறவில்லை என்றால், பையில் இருக்கும் மற்றவற்றில் எது உண்மையிலேயே தேவை என்பது அடுத்த சுற்றுக்குள் தெரிந்துவிடும்.